ஆளுக்கேற்ற ஊட்டச்சத்து: திருகோணமலையிலிருந்து பட்டப்பின் படிப்புக்குப் போவதென்றால் எதைப் படிப்பது?

உப்புவெளிப் பட்டதாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வயம்ப பல்கலைக்கழகத்தின் மாக்கந்துர வளாகத்தில் உணவு விஞ்ஞானமும் ஊட்டச்சத்தும் கற்று நான்கு வருடச் சிறப்புப் பட்டம் பெற்ற நான், தற்போது திருகோணமலை நகரில் தனியார் கல்வி நிலையமொன்றில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். ஒருவருடைய மரபணு, குடல் நுண்ணுயிர், இரத்தக் குளுக்கோஸின் ஏற்ற இறக்கம், தூக்கம், வேலை நேரம் ஆகியவற்றைப் பார்த்து அவருக்கென்றே உணவு ஆலோசனை வகுக்கும் துறையில் பட்டப்பின் படிப்பைத் தொடர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இங்கிலாந்தில் ‘ஆளுக்கேற்ற ஊட்டச்சத்து’ என்பதையே பட்டத்தின் பெயராக வைத்த முதுமாணிக் கற்கைநெறிகூட மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்துடன் நடத்தப்பட்டிருக்கிறது.

வீட்டில் அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் நீரிழிவு. இருவரும் ஒரே அடுப்படிச் சமையலைத்தான் சாப்பிடுகிறார்கள். மாத்திரையும் ஒரே வகைதான். ஆயினும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் குளுக்கோஸ் மானியில் பார்த்தால் இருவருடைய அளவும் வெகுதூரம் விலகி நிற்கிறது. ஏன் என்ற கேள்விக்குப் பாடநூலில் நான் படித்த எதுவும் முழுமையான விடையைத் தரவில்லை.

உங்களிடம் கேட்க விரும்புவது இதுதான். இந்தத் துறை உறுதியான விஞ்ஞானத்தின் மீது நிற்கிறதா, அல்லது விளம்பரம் விஞ்ஞானத்தை முந்திக்கொண்டு ஓடுகிறதா? இந்தப் பெயரைத் தாங்கிய பட்டத்தையே தேடிப் போவதா, அல்லது உயிர் இரசாயனம், புள்ளிவிபரவியல் போன்ற அடிப்படைத் துறையொன்றின் வழியாக இதற்குள் நுழைவதா? படித்து முடித்தால் திருகோணமலையில் செய்வதற்கு வேலை இருக்குமா? நான் திரும்பி வரவே விரும்புகிறேன். ஆகையால் கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமானது.

தம்பலகாமத்து ஆய்வாளர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் பேராதனையில் உயிர் இரசாயன ஆய்வில் இருக்கிறேன். உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் இப்போது விரிவாக எழுதுகிறேன். அது தெளிந்தால் இரண்டாவது கேள்விக்கு விடை தானாகவே கிடைக்கும்.

உணவுக்கு உடல் காட்டும் எதிர்வினை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதில் ஐயமில்லை. அதற்கான மிக உறுதியான சான்று புதியதுமல்ல. 1934இல் நோர்வேயில் அஸ்பியோர்ன் ஃபோலிங் இனங்கண்ட பீனைல்கீற்றோனூரியா என்ற பரம்பரை நோயில், பீனைல்அலனீன் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதியம் வேலை செய்வதில்லை. அது உடலில் தேங்கிக் குழந்தையின் மூளை வளர்ச்சியைச் சிதைக்கிறது. அந்த அமினோ அமிலத்தைக் குறைத்த உணவை ஊட்டினால் நிலைமை மேம்படும் என்பது 1950களில் காட்டப்பட்டது. ஒரு மரபணு, ஒரு நொதியம், ஒரு உணவு மாற்றம் என்று அங்கே கணக்கு நேராக இருக்கிறது. நீரிழிவிலும் உடற்பருமனிலும் அப்படியில்லை. அங்கே நூற்றுக்கணக்கான மரபணு மாறுபாடுகள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய பங்கை மட்டுமே செலுத்துகின்றன. அவற்றுக்கு மேலே வயது, தசைத் திணிவு, தூக்கம், மருந்து, முந்திய வேளை உணவு ஆகிய அனைத்தும் வந்து சேர்கின்றன.

இன்றைய ஆர்வத்துக்கு வித்திட்டது 2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவகம் வெளியிட்ட ஆய்வு. 800 பேருக்கு ஒரு வாரம் தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவி பொருத்தி, 46,898 உணவு வேளைகளைப் பதிந்து, ஒரே உணவுக்கு வெவ்வேறு ஆட்களின் குளுக்கோஸ் எவ்வளவு வேறுபட்டு உயர்கிறது என்று காட்டினார்கள். அதைக் கணிக்கும் கணினி முறைமை ஒன்றையும் உருவாக்கினார்கள். 2020இல் வெளியான பிரெடிக்ட் ஆய்வு பிரித்தானியாவில் 1,002 பேரையும் அமெரிக்காவில் 100 பேரையும் சேர்த்துக்கொண்டது. மரபணு முழுவதும் ஒத்த இரட்டையர்கள்கூட ஒரே உணவுக்கு ஒரே மாதிரி எதிர்வினை காட்டவில்லை. உணவுக்குப் பின் இரத்தத்தில் கொழுப்பு ஏறுவதில் காணப்பட்ட வேறுபாட்டில் குடல் நுண்ணுயிர் 7.1 வீதத்தையும், உணவில் மாச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவை கலந்துள்ள விதம் 3.6 வீதத்தையும் விளக்கின. குளுக்கோஸில் நிலைமை மாறியிருந்தது: உணவுக் கலவை 15.4 வீதம், நுண்ணுயிர் 6.0 வீதம். நுண்ணுயிர்ப் பரிசோதனையை விற்பவர்கள் முதல் இலக்கத்தை மட்டும் எடுத்துச் சொல்வதுண்டு. சீனி வருத்தத்துக்கு ஆலோசனை சொல்லப் போகிறவர் இரண்டாவதைத்தான் மனதில் இருத்த வேண்டும்.

வேறுபாடு இருக்கிறது என்பது ஒன்று. அந்த வேறுபாட்டைப் பார்த்துச் சொல்லும் ஆலோசனை பொது ஆலோசனையைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான சான்று இன்னும் மெலிதாகவே உள்ளது. ஐரோப்பாவின் 7 நாடுகளில் 1,607 பேருடன் நடந்த ஃபூட்ஃபோமீ பரீட்சார்த்தத்தில், ஒருவருடைய சாப்பாட்டைப் பார்த்து அவருக்கென்று சொன்ன ஆலோசனை பொது ஆலோசனையை வென்றது. ஆனால் அதன்மேல் இரத்தப் பரிசோதனையையும் மரபணுத் தகவலையும் சேர்த்தபோது மேலதிகப் பலன் எதுவும் காணப்படவில்லை. 2018இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரைப் பன்னிரண்டு மாதம் பின்தொடர்ந்து, கொழுப்புக் குறைந்த உணவா, மாச்சத்துக் குறைந்த உணவா யாருக்குப் பொருந்தும் என்பதை மரபணு வகையைக் கொண்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்த்தது. முடியவில்லை.

பாலையூற்று ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

பிள்ளைகளே, நான் இத்துறையைக் கற்றவள் அல்ல. ஆனால் இதன் விளைவை அனுபவித்துக்கொண்டிருப்பவள். எனக்கு நீண்ட காலமாக நீரிழிவு உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த மகன், உமிழ்நீரை எடுத்து அனுப்பும் சிறு பெட்டியொன்றைக் கொண்டுவந்தார். சில வாரங்களில் மின்னஞ்சலில் அறிக்கை வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் பட்டியல்கள். மாச்சத்துக்கு நேரே சிவப்பு. எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவில் மாறுபாடு இருப்பதால் சாதாரண ஃபோலிக் அமிலம் எனக்குப் பயன்படாது என்றும், விசேட மாத்திரை வாங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்த மாத்திரையை விற்பதும் அறிக்கையை அனுப்பிய அதே நிறுவனந்தான்.

மகன் மனம் கோணக் கூடாது என்று இரவுச் சோற்றையும் இடியப்பத்தையும் அடியோடு நிறுத்திவிட்டேன். மாத்திரையை மட்டும் வழமைபோல எடுக்கிறேன். இப்போது சில இரவுகளில் வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்து விழிப்பு வருகிறது. இந்த அறிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கிண்ணியாத் தாதி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். விவாதத்துக்குள் போக முன்னர் ஆசிரியை அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொல்பவை இரத்தத்தில் குளுக்கோஸ் அளவுக்கு மீறிக் குறைவதன் அறிகுறிகளாக இருக்கக்கூடும். கிளிக்லசைட் போன்ற சில மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாச்சத்தை நிறுத்திவிட்டு அதே அளவு மாத்திரையைத் தொடர்வது ஆபத்தானது. அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல், நாளைக் காலையிலேயே மாத்திரை உறைகளையும் அந்த அறிக்கையையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சாப்பாட்டைத் தவிர்க்கவும் வேண்டாம். இரவில் மீண்டும் அப்படி வந்தால் உடனே குளுக்கோஸ் அளவைப் பாருங்கள். பார்க்க வசதியில்லையென்றால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், கால் மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் குறையாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள், பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். வீட்டில் இருப்பவர்களை எழுப்பத் தயங்க வேண்டாம்.

இனி விடயத்துக்கு வருகிறேன். இலங்கையில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஆய்வொன்று வயது வந்தோரில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. நான் வேலை செய்த கிளினிக் ஒன்றில் இத்தனை பேருக்கும் கொடுப்பதற்கு இருந்தது ஒரேயொரு தாள். படியெடுத்ததையே மீண்டும் படியெடுத்து எழுத்தே மங்கிப்போன தாள். அதில் ஓட்ஸ், அப்பிள், ஒலிவ் எண்ணெய் என்று இருந்தது. காலை ஏழு மணிக்கு இது, பத்து மணிக்கு இது என்று நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. அந்தத் தாளை நான் கொடுத்தவர்களில் ஒருவர் கிண்ணியாவைச் சேர்ந்த மீனவர். இரவெல்லாம் கடலில் நின்று, விடிந்து மீனை ஏலம் விட்டு, வலையைச் சரிசெய்த பின்னர்தான் வீட்டுக்கு வந்து அன்றைய முதற் சாப்பாட்டைச் சாப்பிடுவார், சாப்பிட்டதும் உறங்கிவிடுவார். அவருக்குக் காலை என்பது எது? நோன்பு மாதத்தில் சஹருக்கும் இஃப்தாருக்கும் இடையே மாத்திரையை எப்படிப் பிரிப்பது என்று கேட்கும் தாய்மாருக்கும் அந்தத் தாளில் பதில் இல்லை.

ஆளுக்கேற்ற ஊட்டச்சத்து என்பது அந்த மீனவரிடம் “எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், கையில் காசு எப்போது வரும்” என்று கேட்பதிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தம்பலகாமத்து அண்ணா எழுதிய ஐரோப்பிய ஆய்வும் அதைத்தானே சொல்கிறது? சாப்பாட்டைக் கேட்டறிந்து சொன்ன ஆலோசனை போதிய பலன் தந்தது. தங்கை இதைப் படித்து வருவதை நான் மனதார விரும்புகிறேன். ஆனால் இயந்திரம் இருந்தால்தான் வேலை செய்ய முடியும் என்ற நிலையில் திரும்பி வந்துவிடக் கூடாது.

தம்பலகாமத்து ஆய்வாளர் எழுதியது:

தாதிச் சகோதரி சொன்னதை ஆசிரியை அம்மா தயவுசெய்து அப்படியே செய்ய வேண்டும்.

அறிக்கையைப் பற்றி: எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் அந்த மாறுபாடு உலகில் மிகப் பரவலாகக் காணப்படுவது. அது உள்ளவர்களாலும் சாதாரண ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியும் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்களுக்கு இன்னொரு குறையும் உண்டு. மரபணுவையும் நோயையும் இணைக்கும் பெரும் ஆய்வுகளில் பங்குபற்றியோரில் ஏறத்தாழ 79 வீதத்தினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019இல் கணக்கிடப்பட்டது. அவர்களிடமிருந்து பெற்ற அளவுகோலைக் கொண்டு பாலையூற்றில் இருக்கும் ஒருவருக்கு மாச்சத்து ஆகாது என்று சிவப்பு நிறம் தீட்டுவது சான்றை மீறிய செயல்.

நம்மவருடைய உடலுக்கு நாமே அளவெடுக்க வேண்டும் என்பதற்கு 2004இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஒரு படத்தை என் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவேன். இரண்டு விஞ்ஞானிகள் அருகருகே நிற்கிறார்கள்: ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3. ஆனால் யட்கினின் உடற்கொழுப்பு 9.1 வீதம், யாக்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 வீதம். அதே ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஆசியர்களுக்கு அச்சுட்டியின் 23, 27.5 ஆகிய புள்ளிகளிலேயே கவனம் தொடங்க வேண்டும் என்று ஆலோசனை கூறியது.

நிலாவெளிச் சித்த மருத்துவர் எழுதியது:

வணக்கம். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்று வெளியேறியவன் நான். ஆளுக்கேற்ற உணவு என்ற எண்ணத்தை மேற்கிலிருந்து வந்த புதுமைபோலக் கருத வேண்டியதில்லை. வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என்ற மூன்றின் அடிப்படையில் ஒருவருடைய தேகியை, அதாவது உடல் வகையைக் கணித்து, பருவ காலத்தையும் நிலத்தையும் சேர்த்துப் பார்த்துப் பத்தியம் சொல்வது எங்கள் மருத்துவத்தின் நாளாந்த நடைமுறை. டில்லியில் உள்ள மரபணுவியல் நிறுவகம் 2008இல் ஆயுர்வேதம் கூறும் உடல் வகைகளை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே இரத்தத்திலும் மரபணு வெளிப்பாட்டிலும் வேறுபாடு தெரிகிறதா என்று பார்த்து, சில வேறுபாடுகளைப் பதிந்தும் இருக்கிறது. தங்கை தன் ஆய்வுக்கு இதை ஏன் எடுக்கக் கூடாது?

தம்பலகாமத்து ஆய்வாளர் எழுதியது:

வைத்தியர் ஐயா சொன்னதை மதிப்போடு ஏற்கிறேன். அதை ஆய்வாக மாற்ற வேண்டுமென்றால் மரபணுவுக்குப் போவதற்கு முன் ஒரு படி இருக்கிறது. ஒருவரை மற்றவர் பாராமல் இரண்டு மூன்று சித்த மருத்துவர்கள் ஒரே ஆட்களைத் தனித்தனியே பரிசோதித்துத் தேகி கணிக்கும்போது, அவர்கள் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்று முதலில் அளக்க வேண்டும். அந்த இணக்கம் உயர்ந்திருந்தால் அதன்மேல் எதையும் கட்டலாம். வளாகத்திலேயே செலவு அதிகமின்றிச் செய்யக்கூடிய, இதழில் வெளியிடத் தகுந்த ஆய்வு அது.

இதே தேவை நவீன கருவிகளுக்கும் பொருந்தும்; தங்கையின் இரண்டாவது கேள்விக்கான என் விடையும் இங்கேதான் இருக்கிறது. அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் அளவு விலகி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்கே இன்றைய அளவும் அடுத்த வாரம் அதே சாப்பாட்டுக்குப் பின் வரும் அளவும் எவ்வளவு விலகும் என்பது தெரியாமல், முதல் விலகலுக்குப் பொருள் சொல்ல முடியாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் அண்மையில் ஆட்களை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, ஒரே உணவை ஒரு வார இடைவெளியில் மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஆளின் இரு எதிர்வினைகளும் எதிர்பார்த்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக்காகக் கையில் ஒட்டும் உணரி இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தோலுக்குக் கீழுள்ள திசுநீரை அளக்கிறது, சில நிமிடம் பிந்தியும் காட்டுகிறது. ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு “உங்களுக்குச் சோறு ஆகாது, ரொட்டி ஆகும்” என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

புட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் உணவு இரத்தக் குளுக்கோஸை எவ்வளவு உயர்த்துகிறது என்று காட்டும் கிளைசீமிக் சுட்டியை அளக்கும் முறைக்கு 2010இல் சர்வதேசத் தரம் வகுக்கப்பட்டது. இரவு முழுவதும் வெறும் வயிற்றில் இருந்த, குறைந்தது 10 ஆரோக்கியமான ஆட்கள் தேவை. உடலால் பயன்படுத்தக்கூடிய மாச்சத்து 50 கிராம் இருக்குமாறு உணவை நிறுத்துக் கொடுக்க வேண்டும். சாப்பிட முன்னும், பின்னர் 15, 30, 45, 60, 90, 120 நிமிடங்களிலும் விரல் நுனியில் இரத்தம் எடுக்க வேண்டும். ஒப்பீட்டுக்கான குளுக்கோஸை ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கொடுக்க வேண்டும், ஏனெனில் ஒரே ஆள் நாளுக்கு நாள் மாறுவார் என்பதை அந்த முறையை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். சிறீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நமது நாட்டு உணவுகள் பலவற்றை இப்படி அளந்திருக்கிறார்கள்.

ஆனால் புட்டு என்று எழுதிவிட்டால் போதுமா? சிவப்பு அரிசி மாவா, வெள்ளை அரிசி மாவா, சீனக்குடாவில் அரைக்கும் கோதுமை மாவா, குரக்கனா. மாவை எவ்வளவு வறுத்தார்கள். குழலில் மாவுக்கும் தேங்காய்ப் பூவுக்கும் என்ன விகிதம். சொதியோடு குழைத்தார்களா, மீன் குழம்போடு உண்டார்களா, வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்தார்களா? தேங்காய்க் கொழுப்பும் மீனின் புரதமும் இரைப்பை வெறுமையாகும் வேகத்தைக் குறைத்துக் குளுக்கோஸ் வளைகோட்டின் உச்சியையே மாற்றிவிடும். நமது மாவட்டத்து அடுப்படிகளில் செய்யும் புட்டுகளை வகைப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வகையையும் இரு தடவையாவது கொடுத்து, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் ஒரே ஆளின் நாளுக்கு நாள் வேறுபாட்டையும் பிரித்துக் காட்டினால், ஆளுக்கேற்ற ஆலோசனை இங்கே சாத்தியமா என்ற கேள்விக்கே அது முதல் விடையாகும். இதைச் செய்யத் தேவையானவை பரிசோதனை வடிவமைப்பு, கலப்பு விளைவு மாதிரிகள் என்று சொல்லப்படும் புள்ளிவிபர முறை, ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருள், பொறுமை. பட்டத்தின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும். இவற்றைக் கற்றுத் தருகிறதா என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள் என்பதே என் கருத்து.

இலண்டனிலிருந்து மூதூரான் எழுதியது:

வணக்கம். ஊட்டச்சத்தில் முதுமாணிப் பட்டத்தை இங்கே முடித்தவன் என்ற முறையில் சில நடைமுறை விடயங்களைச் சொல்கிறேன்.

பிரித்தானியாவில் உணவு மருத்துவ ஆலோசகர், அதாவது டயற்றிஷன் என்ற பதவிப் பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. சுகாதாரத் தொழில்களுக்கான பேரவையில் பதிவு செய்தவர் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். பதிவுக்கு வழிவகுக்கும் கற்கைநெறிகளில் வைத்தியசாலைப் பயிற்சி கட்டாயம். நியூட்ரிஷனிஸ்ட் என்ற பெயருக்கு அந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஒரு வருட முதுமாணிப் பட்டங்களில் மிகப் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இதை அறியாமல் பெருந்தொகை கட்டி வந்து, இறுதி மாதத்தில் அறிந்து மனம் நொந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். விண்ணப்பிக்க முன்னர் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, “இந்தப் பட்டம் எந்தப் பதிவுக்குத் தகுதி தருகிறது” என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். ஆய்வறிக்கைக்கு எத்தனை மாதம் ஒதுக்கப்படுகிறது, தரவை மாணவரே சேகரிக்கிறாரா, புள்ளிவிபரம் தனிப் பாடமாக உண்டா என்பவற்றையும் கேளுங்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்பு இரண்டு வருடம்; ஆய்வுக்கு அங்கே கிடைக்கும் நேரம் கூடுதல்.

புலமைப்பரிசில்களில் பிரித்தானிய அரசு வழங்கும் செவனிங் உங்களுக்குப் பொருந்தலாம். 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். கற்பித்தலும் வேலை அனுபவமே. படிப்பு முடிந்தபின் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, திரும்பி வர விரும்பும் உங்களுக்குத் தடையாகாது. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களையும் பாருங்கள். இந்தியாவில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவகமும் கோயம்புத்தூர்க் கல்லூரிகளும் மொழியாலும் உணவாலும் நமக்கு நெருக்கமானவை. 528 உணவுகளின் சத்துக்களை அளந்து 2017இல் அட்டவணை வெளியிட்டது அந்த ஐதராபாத் நிறுவகந்தான்.

ஓரிடத்தில் மட்டும் ஆய்வாளர் அண்ணாவோடு மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் ஊரிலேயே கற்றுவிட முடியாது. குடல் நுண்ணுயிர்த் தரவையோ பல்லாயிரம் பேரின் மரபணுத் தரவையோ கையாளும் பழக்கம், அத்தகைய ஆய்வுக் குழுவொன்றின் நடுவே இருந்தால்தான் வரும். அமெரிக்காவில் 10,000 பேரைச் சேர்க்கும் இலக்கோடு தொடங்கிய தேசியத் திட்டம் போன்றவற்றின் முடிவுகள் வெளிவரும்போது, அவற்றை நுணுகி வாசித்து நமக்குப் பொருந்துவதையும் பொருந்தாததையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த தமிழர் சிலராவது கிழக்கில் இருக்க வேண்டும். தங்கை போகட்டும் என்பதே என் பக்கம்.

உப்புவெளிப் பட்டதாரி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா வைத்தியரிடம் போனீர்களா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

உள்நாட்டுப் படிப்பைப் பற்றி விசாரித்தேன். கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊட்டச்சத்துக் கற்கைகள் பெரும்பாலும் மருத்துவர்களுக்கானவை. பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தின் வழி எனக்குத் திறந்திருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி 30 திறமைப் புள்ளிகள் கொண்ட, பாடங்களை மட்டும் முடித்துப் பெறும் முதுமாணி ஒன்பதாம் மட்டம். 60 திறமைப் புள்ளிகளோடு ஆய்வும் சேர்ந்தது பத்தாம் மட்டம். பிற்காலத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு முக்கியமாகுமா, அண்ணா?

தம்பலகாமத்து ஆய்வாளர் எழுதியது:

முக்கியமாகும். ஆய்வு இல்லாத பட்டத்தோடு வருபவரை மேற்பார்வையாளர்கள் தயக்கத்தோடுதான் பார்க்கிறார்கள். முடிந்தால் பத்தாம் மட்டத்தையே எடுங்கள். மூதூர்த் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன். இங்கே ஒரு நல்ல தரவுத் தொகுதியைத் தன் கையால் சேகரித்தவர் வெளிநாட்டுக்குப் போகும்போது, அவர் கேட்கும் கேள்விகளும் அவருக்குக் கிடைக்கும் மதிப்பும் வேறாக இருக்கும்.

பாலையூற்று ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

போனேன் மகள். மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். இரவில் சிறிதளவு சோறும் மீனும் கீரையும் சாப்பிடச் சொன்னார்கள். இப்போது நடுக்கம் இல்லை. மகனிடமும் விளக்கமாகப் பேசினேன். நீங்கள் புட்டு ஆய்வு செய்வதாயின் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணியாத் தாதி எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ், மிக நல்ல செய்தி அம்மா. முதற்கட்ட ஆய்வுக்கு மருந்து எடுக்காத ஆரோக்கியமானவர்கள்தான் தேவைப்படுவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் சமையல் முறைகளைப் பதிவு செய்யும் பகுதிக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார்.

உப்புவெளிப் பட்டதாரி எழுதியது:

பேராதனையில் ஆய்வுடன் கூடிய முதுமாணிக்கு விண்ணப்பிக்கத் தீர்மானித்துவிட்டேன். செவனிங் விண்ணப்பத்தை அதன் முடிவுகள் கையில் வந்த பிறகு அனுப்புவேன். புட்டு வகைகளைப் பதியும் படிவத்தை உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய நான்கு இடங்களில் முதலில் பயன்படுத்திப் பார்க்க விரும்புகிறேன். வீடுகளுக்குப் போய்ச் சமையலைக் கேட்பதற்கு மட்டுமென்றாலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படுமா?

தம்பலகாமத்து ஆய்வாளர் எழுதியது:

தேவைப்படும். தரவைப் பின்னர் வெளியிடுவதாயின் சேகரிக்க முன்னரே அனுமதி பெற்றிருக்க வேண்டும். பிந்தி வாங்க முடியாது. சுகாதார நிலையங்கள் ஊடாக ஆட்களைச் சேர்ப்பதாயின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரியுங்கள்; கந்தளாயையும் சேருவிலவையும் பின்னர் சேர்க்கும்போது மீண்டும் குழுவிடம் போக வேண்டியிராது. இரத்த மாதிரியை மரபணுப் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் எண்ணம் எதிர்காலத்தில் இருந்தால் அதற்குத் தனியான ஒப்புதல் பகுதியை இப்போதே சேருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவையும் சுகாதாரத் தரவையும் விசேட வகையாகவே கருதுகிறது. படிவத்தின் முதல் வரைவை இந்த இழையிலேயே இடுங்கள். தாதிச் சகோதரியும் வைத்தியர் ஐயாவும் கேள்விகளைத் திருத்தித் தரட்டும், மாதிரியின் அளவைக் கணக்கிடும் பகுதியை நான் பார்க்கிறேன்.